பிரதோஷப் பாலில் மங்கிய வெளிச்சம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகத் தள்ளிப்போட்டு வந்தேன். சாமி விஷயத்தில் பேனா எடுக்க எனக்குப் படிப்பும் போதாது. ஆனால் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அடி அண்ணாமலையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன சிவன் கோயில். பிரதோஷத்தன்று அபிஷேகம் செய்த பாலை எல்லோருக்கும் கொடுப்பார்கள். சில தடவை அதைக் குடித்ததும் என் மனைவிக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்கும். ஒரு வகை ஆன்டிபயாடிக் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்பே தெரியும். பாலில் அது எங்கே வரும்? "சாமிக்கு எம்மேல என்ன கோவமோ" என்று அழுவாள்; அழுதுவிட்டு அடுத்த பிரதோஷத்திலும் குடிப்பாள்.

அண்ணன் மகள் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். மாத்திரையிலும் உணவிலும் அந்த மாதிரி மருந்தைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. ஒரு பிரதோஷத்தன்று வந்தவள், சித்தியின் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டாள். பாலைத் திரியவைத்து, தெளிந்த நீரை எடுத்து, தான் குப்பியில் கொண்டுவந்த தண்ணீரில் விட்டாள். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இருக்கின்றனவாம். ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். மருந்து கலந்தால் மங்கும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குப்பியில் பாக்கெட் பாலையும் அதேபோல் விட்டாள்; அது ஒளிர்ந்தது. கோயில் பாலை விட்டது அணைந்தாற்போல் ஆனது.

"சித்தி, இது சாமி கோவம் இல்ல. மாட்டுக்குப் போட்ட ஊசி. லேபுல இன்னொரு தடவ பாக்கணும். ஆனா இனிமே குடிக்காதீங்க."

கோயிலுக்குப் பால் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"மடிநோய்க்கு ஊசி போட்டா கொஞ்ச நாளு சொசைட்டில பால் எடுக்க மாட்டாங்க. கறந்த பால கீழ ஊத்த மனசு வருமாங்க? சாமிக்குக் குடுத்தேன். விஷத்தையே குடிச்சவருக்கு இது ஜாஸ்தியா?"

"அவருக்குக் கழுத்துல நிறுத்திக்கத் தெரியும்ண்ணா. எனக்கு எறங்கிடுதே" என்றாள் என் மனைவி.

அவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஊசி போட்ட மாட்டின் பாலைக் கோயிலுக்குக் கொண்டுவரவில்லை.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பாலைச் சோதித்த அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்ற பெண்கள் நீல வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டார்கள். பௌர்ணமிக்குள் கதை மலையைச் சுற்றிவிட்டது. எங்கள் வீட்டில் சாமிப் பால் ஒளிர்ந்ததாம், நீலகண்டர் காட்சி கொடுத்தாராம். இப்போது எங்கெங்கிருந்தோ பாலோடு வருகிறார்கள். "நீங்க ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுங்கம்மா" என்று என் மனைவியிடம் நீட்டுகிறார்கள். ஊசி போட்ட மாடா என்று கேட்டால் முகம் சுருங்குகிறது. டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்ப்பாள். நான் வாங்கிக் குடித்துவிடுவேன். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் என்ன செய்வாள்?

அண்ணாமலையார்மேல் எங்களுக்குள்ள பக்தி துளியும் குறையவில்லை. இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் விடாமல் சொல்லுங்கள். சாமிப் பால் ஒளிரவில்லை. ஒளிர்ந்துகொண்டிருந்த தண்ணீரை அது மங்கவைத்தது. தயவுசெய்து அவளைக் குடிக்கச் சொல்லாதீர்கள்.