வளைவு முடிந்து எண்பது மீட்டர்

"எது மெதுவான வழி?"

இந்தச் சிற்றூரின் பயணிகள் தகவல் மையத்தில் நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த முதல் வாரம், சிங்கப்பூரிலிருந்து மனைவியோடு காரில் வந்த சீனப் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்கிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, அதிவேகச் சாலையில் எங்கே ஏறலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் கோட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "இதில் போனால் சீக்கிரம் போய்விடுவோமே" என்றார், உடம்புக்கு ஆகாத ஒன்றைச் சொல்வது போல. பக்கத்து மேசையிலிருந்த கக் ரொஹானி என் கையிலிருந்து பேனாவை வாங்கிப் பழைய சாலையைக் காட்டினார். கக் என்றால் மலாயில் அக்கா. மையத்தை நடத்துபவர் அவர்தான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளங்க வைப்பது கடினம். நம் பக்கம் பைபாஸ் திறந்த மறுநாளே பழைய சாலையை எல்லாரும் மறந்துவிடுவார்கள். இங்கே ஜொகூர் பாருவிலிருந்து சாஆ என்ற ஊர் வழியாகச் சிகாமட் போகும் பழைய நெடுஞ்சாலையில் போவதற்கென்றே விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மோட்டார் சைக்கிள் கூட்டங்கள், பழைய கார் வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். அவர்கள் எங்களிடம் கேட்பவற்றை ஒரு மாதம் குறித்து வைத்தேன். முதலில் கழிப்பறை. பிறகு குடிதண்ணீர், நல்ல காப்பி, டயருக்குக் காற்று. அதற்கெல்லாம் பிறகுதான், இந்தச் சாலையில் பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்வி.

குறித்து வைப்பது என் பழக்கம். சேலம் பக்கம் ஒரு நாலுவழிச் சாலைத் திட்டத்தில் மூன்று வருடம் சர்வே வேலை பார்த்தவள் நான். சாலையை அகலப்படுத்தும்போது எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று பட்டியல் போடுவது என் பொறுப்பு. இடப்பக்கம், வலப்பக்கம், எத்தனையாவது கிலோமீட்டர், என்ன பொருள். புளியமரங்களுக்கு வெள்ளைப் பெயிண்டில் எண் போடுவோம். பாதிப் பட்டியலைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அலுவலகத்திலேயே முடித்துவிடலாம். ஒருமுறை நேரில் போனபோது, இட்லிக் கடை வைத்திருந்த ஒரு பெண் மாவுக் கையோடு ஓடி வந்து, "எங்க கடை லிஸ்ட்ல இருக்கா பாப்பா?" என்று கேட்டாள். இருந்தது. "ஆபீஸ்ல கேளுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

கணவர் இந்த நாட்டில் பிறந்தவர், எஸ்டேட்டுக்கு வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை. செம்பனை எண்ணெய் ஆலையில், நம் ஊரில் பாமாயில் என்போமே, அங்கே கொதிகலன் பார்க்கிறார். கல்யாணமாகி வந்த எனக்கு விசா உண்டு, வேலை செய்ய அனுமதி இன்னும் வரவில்லை. அதனால் மையத்தில் சம்பளமில்லாத உதவியாள். சும்மா உட்கார முடியாமல், பழைய சாலைக்கு ஒரு வழித்தாள் தயாரித்தேன். மொத்தம் பதினோரு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், பெயர், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், பார்த்ததும் குறி போட ஒரு சிறு கட்டம். ஆங்கிலம், மலாய், தமிழ் என்று மூன்று மொழியில். கக் பெருமையோடு வாசலில் ஒரு தட்டு வைத்து அடுக்கினார். பயணிகள் மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள், சிலர் படம் எடுத்து அனுப்பினார்கள். அந்தப் பதினோரு இடங்களில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. எனக்கு இந்த நாட்டில் கார் ஓட்டும் உரிமம் இல்லை, கணவருக்கு ஷிப்ட் வேலை. பழைய வரைபடம் ஒன்று, செயற்கைக்கோள் படம், பயணிகள் விட்டுப்போன புகைப்படங்கள், இவற்றை வைத்து எழுதினேன். யாரும் குறை சொல்லவில்லை.

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, அறுபது வயது மதிக்கத்தக்க தம்பதி வந்தார்கள். கணவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று தன் காரின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். நான் வணக்கம் சொன்ன விதத்திலேயே, "ஊர்லேர்ந்து வந்த பொண்ணா நீ?" என்று கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே என் தமிழ்த் தாள், நான்காக மடித்த தடத்தோடு.

"நாங்க உலு திராம்லேர்ந்து வரோம்மா. இது இங்க கொடுத்ததுதானே?"

"ஆமா ஆண்ட்டி, நான் போட்டதுதான்" என்றேன். மூன்று மொழியில் யாரும் சீந்தாத தாள் தமிழ்த் தாள்தான். அதை ஒருவர் பத்திரமாக உறையில் போட்டு வைத்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில், சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"எங்க மவன் பையில இருந்துச்சு. தினேஷ். தமிழ்ப்பள்ளியில படிச்சவன் லா, தமிழ்ல இருந்தா அதத்தான் எடுப்பான். மோட்டர்ல தனியா வந்தான். ஆறு மாசமாச்சு, தவறிட்டான்."

ஒன்று முதல் ஆறு வரை கட்டங்களில் நீல மையில் குறி இருந்தது. ஏழிலிருந்து கட்டங்கள் காலி.

அந்த அம்மா, லெட்சுமி ஆண்ட்டி, அழவில்லை. சொல்ல வேண்டியதை வீட்டிலிருந்தே வரிசைப்படுத்திக்கொண்டு வந்தவர் போலச் சொன்னார். மோட்டார் சைக்கிளை ரோட்டை விட்டு இறக்கிப் புல்லில் ஒழுங்காக நிறுத்தியிருக்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டியிருக்கிறான். பிறகு வந்த வழியே திரும்பி வளைவுக்குள் நடந்திருக்கிறான். செம்பனைக் குலை ஏற்றிய லோரி திரும்பியபோது வளைவில் நின்றிருக்கிறான். போன் நொறுங்கிப் புல்லில் கிடந்தது.

"வண்டிய நிறுத்திட்டு எதுக்கும்மா திரும்பி நடந்தான்? அங்க ஒரு கடை இல்ல, வீடு இல்ல. தூங்குனா விடிஞ்சா இதே கேள்விதான். இங்க ஏதாச்சும் சொன்னானா? யாரையாச்சும் பாக்கப் போறேன்னு?"

"போனு!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அங்க்கள் முகத்தைத் திருப்பவில்லை. "எவளோ போன் போட்டுருப்பா, பேசிக்கிட்டே நடந்துருப்பான். கண்ணு ரோட்டுல இருந்தாத்தானே?"

"ஆறு மாசமா இதேதான்" என்றார் ஆண்ட்டி என்னிடம். "செத்த புள்ளைய தெனம் ஏசுறாரு."

அந்தத் தேதியை வாங்கிக்கொண்டு என் குறிப்பேட்டைப் புரட்டினேன். அன்று நான் எழுதியிருந்தது: கார் ஒன்பது, வேன் ஒன்று, மோட்டார் சைக்கிள் நான்கு. தினேஷ் அந்த நான்கில் ஒன்று. வாசல் தட்டிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு அப்படியே போயிருக்கலாம். என்னிடம் பேசியும் இருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்லை. கக்கிடம் மலாயில் தட்டுத் தடுமாறி விளக்கினேன். அவர் ஆண்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு "சாபார்லா" என்றார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் அவரிடமும் ஒன்றும் இல்லை. நான் தாளில் ஏழாவது வரியைப் படித்தேன். 'பழைய மைல்கல். இடப்பக்கம், புல்லுக்குள். வளைவு முடிந்து எண்பது மீட்டர்.'

"இடத்த எனக்குக் காட்ட முடியுமா ஆண்ட்டி?" என்று கேட்டேன்.

அங்க்கள்தான் ஓட்டினார். இருபக்கமும் செம்பனை, நடுவே இரண்டே தடம். என் பட்டியலின் நான்காவது இடமும் ஐந்தாவது இடமும் ஜன்னலில் கடந்து போயின. படத்தில் இருந்ததைவிடச் சிறியவையாக இருந்தன. ஓர் எஸ்டேட் வாசலில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். லோரிகள் கடக்கும்போது காற்று சேலையை இழுத்தது. சாலையின் ஓரக்கோடு முடிந்த இடத்திலேயே புல் தொடங்கியது. ஒதுங்கி நிற்க ஒரு முழ இடம் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிந்ததை நான் ஒதுங்கும் இடம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மோட்டர் இங்க நின்னுச்சு" என்று அங்க்கள் செருப்புக் காலால் தரையைக் காட்டினார்.

வளைவு முடிகிற இடத்துக்குப் போய், அங்கிருந்து அவர் காலடி வரை எண்ணி நடந்தேன். சர்வே வேலையில் அடியை அளந்து பழகியவள், என் அடி எழுபத்திரண்டு சென்டிமீட்டர். நூற்றுப் பதினொரு அடி. அதாவது எண்பது மீட்டர். நான் எழுதிய பக்கத்தில், நான் எழுதிய தூரத்தில், அந்தப் பையன் வண்டியை நிறுத்தியிருக்கிறான். அங்கே கல் இல்லை. திரும்பி வளைவுக்குள் நடந்து லாலாங் புல்லை விலக்கிக்கொண்டே போனேன். வளைவின் நடுவில், முழங்கால் உயரப் புல்லுக்குள் கல் இருந்தது. பழைய வரைபடத்து வளைவும் இன்றைய வளைவும் ஒன்றல்ல. எப்போதோ சாலையைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறார்கள். ஒரே ஒருமுறை வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

சொல்லாமல் விடலாம் என்று தோன்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன். "ஆபீஸ்ல கேளுங்க" என்று சொல்வதற்கு இங்கே ஜீப் இல்லை, எனக்கு ஆபீசும் இல்லை.

"ஆண்ட்டி, அவர் போன் பேசல. இந்தக் கல்லத் தேடினார். நான் எழுதின தூரம் தப்பு. நான் சொன்ன இடத்துல நிறுத்திட்டு, கல்லக் காணோம்னு திரும்பி நடந்திருக்கார். படம் எடுக்கறதுக்காகப் போனைக் கையில வச்சிருந்திருப்பார்."

அங்க்கள் கல்லைப் பார்த்தார், மோட்டார் நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து இங்கே அவரும் ஒருமுறை நடந்து வந்தார். "அப்ப போன் பேசல" என்றார். சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும், "பேசலடி லெட்சுமி" என்றார்.

"நான் சொல்லல? சின்னதுலேர்ந்தே எதையும் விட்டுட்டுப் போக மாட்டான். கணக்குப் புத்தகத்துல கூட ஒரு கேள்வி விட மாட்டான்" என்ற ஆண்ட்டி, குனிந்து கல்லைத் தொட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை. "நீ ஒரு தடவ வந்து பாத்துருக்கலாமேம்மா."

வீட்டுக் கஷ்டம், விசா, உரிமம், ஷிப்ட் என்று என்னிடம் காரணங்கள் ஒரு பட்டியலே இருந்தது.

ஆண்ட்டி உறையிலிருந்து தாளை எடுத்து, என்னிடம் பேனா கேட்டார். ஏழாவது கட்டத்தின் மேல் பேனாவை வைத்தவர் நிறுத்திக்கொண்டார். "பாத்துருப்பானா? பாக்கறதுக்கு முன்னாடியே லோரி வந்துருச்சா?"

"போடு லா" என்றார் அங்க்கள்.

"பாக்காம எப்படிங்க போடுறது? அவன் போட மாட்டான். நீயே சொல்லும்மா, நீதானே படிச்ச பொண்ணு."

தினேஷ் அடிபட்ட இடம் என்று அங்க்கள் காட்டியது கல்லிலிருந்து ஆறு அடி. அங்கே போய் நின்று பார்த்தேன். புல்தான் தெரிந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பு புல் எவ்வளவு உயரம் இருந்தது? வெட்டி எத்தனை நாள் ஆகியிருந்தது? பார்த்தார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அளக்காத தூரத்தை எழுதியதற்கு அன்றுதான் பதில் கேட்டிருந்தார்கள், இன்னொன்றை அளக்காமல் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "தெரியல ஆண்ட்டி" என்றேன். அவர் தாளை மடித்து உறையில் வைத்தார். எட்டாவது இடத்துக்கு நாங்கள் போகவில்லை.

மறுநாளே மூன்று மொழித் தாள்களையும் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஏழாவது இடத்தை நீக்கி, மற்றவற்றைக் கக்கின் காரில் போய் நேரில் பார்த்துத் திருத்தி அச்சடிப்பது என்று நானும் கக்கும் முடிவு செய்தோம். ஆண்ட்டியிடம் சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். "அத எடுத்துறாதம்மா" என்றார் உடனே. "அவன் கடேசியாத் தேடுனது. அது லிஸ்ட்ல இருக்கட்டும். ஆனா ஒருத்தரையும் அங்க நிறுத்த வச்சிறாத, ஒங்கையப் புடிச்சிக் கேக்குறேன்." இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் புதிய தாளில் ஏழாவது வரி இப்படி இருக்கிறது: 'பழைய மைல்கல். வளைவின் நடுவே, இடப்பக்கம். இறங்க வேண்டாம், நிறுத்த வேண்டாம். போகிற போக்கில் பார்க்கலாம்.' போகிற போக்கில் தெரிய வேண்டுமானால் புல் இருக்கக் கூடாது. இந்த நாட்டு மழைக்குப் புல் பதினைந்து நாளில் முழங்காலுக்கு வந்துவிடுகிறது. ஆகவே மாதம் இருமுறை கக் என்னை அழைத்துப் போகிறார். அவர் எஸ்டேட் வாசலில் காரோடு காத்திருப்பார். நான் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாராங் கத்தியோடு கல்லைச் சுற்றி வெட்டுவேன், லோரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் செம்பனைப் பக்கம் இறங்கிக்கொண்டு. சேலத்தில் அம்மா போனில் என்ன வேலை என்று கேட்டால், ரோடு வேலைதான் என்கிறேன். பொய்யில்லை.

போன சனிக்கிழமை வெட்டி முடித்து நிமிர்ந்தபோது ஒரு சிங்கப்பூர் கார் வளைவில் திரும்பியது. முன்கண்ணாடிக்குள் என் தாள் கிடந்தது. பக்கத்துக் கண்ணாடி இறங்கி, ஒரு பெண்ணின் கை போனோடு வெளியே நீண்டது. அந்தப் படத்தில் வெள்ளைக் கல்லும் பக்கத்தில் கத்தியோடு நானும் இருப்போம். பார்க்கிறவர்களுக்கு நான் தலைமுறை தலைமுறையாக இந்தப் புல்லை வெட்டுகிற எஸ்டேட்டுப் பெண், ஏழாவது இடத்தில் பார்க்க வேண்டியவற்றில் ஒருத்தி. போங்கள், நிற்காதீர்கள் என்று கையை வீசினேன். நம் ஊர்ச் சாலை வேலையில் வண்டிகளை அனுப்புகிற அதே வீச்சு. காருக்குள் இருந்தவர்கள் மலர்ந்த முகத்தோடு எனக்குக் கையசைத்தார்கள். நான் இரண்டு கையாலும் வீசினேன். அவர்களும் இரண்டு கையாலும் அசைத்தார்கள், காரின் வேகம் இன்னும் குறைந்தது.