வாட்டர் சர்வீஸ் பம்பு

எண்பதுகளில், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் சாலையில், வீட்டை ஒட்டியே நானும் என் மனைவியும் வாட்டர் சர்வீஸ் நடத்தினோம். மீன் ஏற்றிப்போன லாரிகளைப் பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தருவோம். ஒரு கோடையில் பம்பின் வேகம் குறைந்துபோனது. லாரிப் பலகையில் ஒட்டிய மீன் செதில்கூடப் போகவில்லை. புதுப் பம்பு வாங்கிவிடுவது என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

எதற்கும் பார்க்கட்டும் என்று பொன்னேரி மெக்கானிக்கை வரவழைத்தேன். பிரித்துப் பார்த்தால் வாஷரெல்லாம் தேய்ந்திருந்தது, வால்வில் துரு.

"பாடி நல்லாத்தான் கீது. வாஷரும் வால்வும் மாத்துனா ஓடும். ஆனா நீ புதுசே வாங்குனாலும் இதே கதிதான். உன் கெணத்துத் தண்ணி உப்பு" என்றார்.

"நல்ல தண்ணிதான் அண்ணே" என்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப்பார்த்தாள். "இன்னா நல்ல தண்ணி? அதுல பருப்பே வேகல. ஆறு மாசமா நான் மாதா கோயில் கெணத்துலேர்ந்துதான் எடுத்தாறேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"கொடத்தத் தூக்கினு உன் எதிர்லதானே போறேன், வர்றேன்?"

மெக்கானிக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பழைய பம்பையே சரிசெய்தோம். சற்று மேட்டில் வேறு கிணறு தோண்டினோம். முதல் வாளித் தண்ணீரை அவள் குடித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மோட்டாரைப் போட்டேன். அந்தப் பம்பு இன்னும் நான்கு வருஷம் உழைத்தது.