சின்னையா தம்பிக்குப் பார்த்த கம்பெனி

ரயில்வேக்காரர்கள் எந்த வேலையையும் மூன்றே கேள்விகளில் எடைபோட்டுவிடுவார்கள். குவார்ட்டர்ஸ் உண்டா, குடும்பத்துக்குப் பாஸ் உண்டா, ஓய்வு பெறும்போது கையில் ஏதாவது வருமா. எஞ்சின் டிரைவர் சின்னையா தன் தம்பியின் விமான வேலையையும் அப்படித்தான் எடைபோட்டார்.

தம்பி ராதாகிருஷ்ணன் பைலட். அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்தவர் சின்னையா. அவர் படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனாலும் ஒரு காகிதம் கைக்கு வந்தால், அது இங்கிலீஷாக இருந்தாலும் எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். குவார்ட்டர்ஸ் இருந்த பிரிக்பீல்ட்ஸில் புதிதாக யாரைப் பார்த்தாலும், பேச்சு எங்கே தொடங்கினாலும், தம்பி ஓட்டும் விமானத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

எண்பத்து நான்காம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராதாகிருஷ்ணன் மனைவி சீதாலெட்சுமியோடு ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தான். உள்ளூர்ச் சம்பளம் போதவில்லை. வெளியே இரண்டு கம்பெனிகள் அவனைக் கூப்பிட்டிருந்தன. ஒன்று சிங்கப்பூரில், ஒன்று வளைகுடாவில். இரண்டின் காகிதங்களையும் சின்னையா மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சிங்கப்பூர்ல வீட்டுக்கு என்னா குடுக்கறான்?"

"வாடகையில பாதிண்ணே."

"அரபுக்காரன்?"

"பங்களா. கரண்டு, தண்ணி எல்லாம் அவனே கட்டிடுவான். வருமான வரியும் கெடையாது."

"புள்ளைங்க ஸ்கூல் பீஸும் குடுக்கறாங்க மாமா. வருசத்துக்கு ஒருக்கா நாலு பேருக்கும் டிக்கெட்டு" என்றாள் சீதாலெட்சுமி. அவள் அந்த பங்களாவுக்கு மனசுக்குள் திரைச்சீலை தைக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

சின்னையாவின் விரல் சிங்கப்பூர்க் காகிதத்தின் கடைசிப் பத்திக்குப் போய் நின்றது. "இது என்னா இன்சூரன்சு?"

"லைசென்ஸ் போயிடுச்சுன்னா ஒரு தொகை குடுக்கறது. சிங்கப்பூர்க்காரன் அவனே கட்டிடுறான். அங்க நாமதான் சம்பளத்துலேருந்து கட்டணும். வேணாம்னா விட்டுறலாம்."

"லைசென்ஸ் எதுக்குப் போவுது?"

"மெடிக்கல்ல பெயிலானா."

சின்னையா சிரித்தார். "இதுக்குப் போயி மாசா மாசம் காசா? நம்ம டிரைவர் இராமலிங்கத்துக்கு கண்ணு மங்கிப் போச்சு. வீட்டுக்கா அனுப்புனான்? ஷெட்டுல லைட் டூட்டி போட்டான்லா. உக்காந்து வருகை எழுதறான், அதே குவார்ட்டர்ஸ்ல இருக்கான். ரயிலு ஓட்டறவனுக்கே அப்படின்னா பிளேன் ஓட்டறவன தெருவுலயா விடுவான்?"

ராதாகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தான். "சரிண்ணே" என்றான்.

வளைகுடா வாழ்க்கை ஏழு வருடம் நன்றாகத்தான் ஓடியது. ஊரில், கிள்ளானில், வங்கிக் கடனில் ஒரு இரட்டை மாடி வீடு வாங்கினான். பணி ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்த சின்னையா அந்த வீட்டுக்குக் குடிபோனார். மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. தம்பி வீடுதான் அவருக்கும் வீடு. வாசல் கேட்டுக்கு அவரே பெயிண்ட் அடித்தார்.

பிறகு ராதாகிருஷ்ணனுக்குச் சர்க்கரை ஏறியது. மாத்திரைக்கு அடங்கவில்லை. இன்சுலின் ஊசி போடத் தொடங்கியவன் விமானம் ஓட்டக்கூடாது என்றது சட்டம். கம்பெனி மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து, பங்களா சாவியை வாங்கிக்கொண்டது. பெட்டிகளோடு குடும்பம் கிள்ளானுக்கு வந்து இறங்கியது. கடன் இன்னும் பாதிக்குமேல் இருந்தது.

சின்னையா பதறவில்லை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனார். அந்தக் கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுத்த ஏஜென்சி அங்கேதான் இருந்தது. மேசைக்குப் பின்னால் தியாகராஜன் என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான். தமிழ்ப் பையன் என்றதும் சின்னையாவுக்குத் தெம்பு வந்தது.

"தம்பி, கேப்டன் ராதாகிருஷ்ணனோட அண்ணன் நான். அவருக்கு லைட் டூட்டி எப்பத்துலேருந்து போடுவாங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"லைட் டூட்டின்னா என்னா அங்கிள்?"

சின்னையா விளக்கினார். ஷெட், வருகைப் பதிவு, இராமலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். பையன் மரியாதையாக முழுக்கக் கேட்டான்.

"அங்கிள், அது கவர்மெண்டு வேலைலா. இவங்கல்லாம் கான்ட்ராக்ட். லைசென்ஸ் இல்லன்னா கான்ட்ராக்டும் இல்ல. அதுக்குத்தான் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்றது. அவர் எடுக்கலியா?"

சின்னையா எழுந்துகொண்டார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் கிள்ளான் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

ராதாகிருஷ்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். சின்னையா சட்டையைக்கூட மாற்றாமல் அவன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பெட்டாலிங் ஜெயா ஏஜென்சிக்குப் போயிருந்தேன். லைட் டூட்டியெல்லாம் கெடையாதாம்டா."

"தெரியும்ணே."

"எப்பத்துலேருந்து?"

ராதாகிருஷ்ணன் தரையைப் பார்த்தான். "அன்னைக்கே தெரியும். உள்ளூர் கம்பெனியிலயே ரெண்டு பேரு அப்படிப் போனத பாத்திருக்கேன்."

"அப்பறம் ஏன்டா சரின்னு சொன்ன?"

"சீதாவுக்கு அந்த வூடு புடிச்சிருந்துச்சு. எனக்கும் வேணும்னு இருந்துச்சு. வேணாம்னு நீங்க சொல்லிருந்தா போயிருக்க மாட்டேன். நீங்களே சொன்னதும் வசதியாப் போச்சு."

தன் பேச்சினால் தம்பி கெட்டான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவருக்கு, இதைக் கேட்டதும் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அன்றைக்கு மேசையில் விரல் வைத்து வரி வரியாகப் படித்தது அவர் மட்டும்தான். தம்பி, சீதாலெட்சுமி இருவர் மனசும் அதற்கு முன்பே வளைகுடாவுக்குப் போய்விட்டிருந்தது. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் இருவரும் வந்திருக்கிறார்கள்.

"கூட ஏதாச்சும் சம்பாதிச்சுக் கடன கட்டிடுவோம்" என்றார். என்ன செய்து என்று அவருக்கும் தெரியவில்லை.

"வூட்ட விக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம்ணே. ஞாயித்துக்கெழம பாக்க வராங்க."

வந்தவர் கன்னையா என்ற லோரி முதலாளி. சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். சின்னையாதான் கூடவே போய் ஒவ்வொரு அறையாகக் காட்டினார். மாடியில் ஒழுகும் மூலையையும் மறைக்காமல் காட்டினார்.

"நல்லா வச்சிருக்கீங்கண்ணே. வீட்டுக்காரருக்கு என்னா வேல?" என்று கேட்டார் கன்னையா.

"தம்பி பைலட்டு" என்றார் சின்னையா. சொல்லும்போது குரல் தானாக உயர்ந்தது.

கன்னையா நின்றுவிட்டார். "பைலட்டா? அப்பறம் ஏன் வெலய இவ்ளோ கொறச்சுக் கேக்கறீங்க?"

மாடிப்படியின் கீழிருந்து ராதாகிருஷ்ணனின் குரல் கேட்டது.

"இப்ப இல்லங்க. வேல நின்னாச்சு."