மூன்றாம் தரம் கேட்கும் விளையாட்டு

அருள்மலருக்குக் கேட்டவுடன் ஓம், அதாவது ஆமாம், என்று சொல்லத் தெரியாது. அவளுடைய சொந்தபந்தம் முழுக்கவே அப்படித்தான். போன வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதல் தரம் வேண்டாம், இரண்டாம் தரமும் வேண்டாம், மூன்றாம் தரம் கேட்டால்தான் "சரி, அரைக் கப் தாங்கோ." தொண்டை காய்ந்து ஒட்டிப்போயிருந்தாலும் இதுதான் ஒழுங்கு. கேட்கிறவர்களுக்கும் இந்த ஒழுங்கு தெரியும் என்பதால் இதுவரை யாரும் தாகத்தில் செத்ததில்லை.

ரொறன்ரோவுக்கு இது எங்கே தெரியும்? பிறம்ரனில் லொறிகளை அனுப்பிவைக்கும் கம்பனி ஒன்றில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, மனேஜர் "சனி ஞாயிறு லீவு வேணுமா?" என்று கேட்டார். அருள்மலர் "பரவாயில்லை" என்றாள். மனுசன் தங்கமான மனுசன். சொன்னதை அப்படியே நம்பி எழுதிக்கொண்டு போய்விட்டார். அவள் இரண்டு வருடம் சனி ஞாயிறெல்லாம் வேலை செய்தாள். அவர் இன்னும் இரண்டு தரம் கேட்டிருக்கலாம் என்பது இன்றைக்கும் அவளுடைய மனக்குறை.

இப்படிப்பட்டவள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள் என்றால் அது எப்படிப்பட்ட விளையாட்டாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஒன்பது வயதில் ஊரிலிருந்து ரொறன்ரோவின் பார்க்டேலுக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு ஆங்கிலம் வராது. பக்கத்து அப்பார்ட்மென்ற் ஸ்டெபனிதான் அவளை இழுத்துக்கொண்டு போய் ஒரு மேசையில் இருத்தினாள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஆளுக்கொரு பாத்திரம்: ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் வாள்வீரன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் தங்கள் பாத்திரமாகவே பேசிப் பகடை உருட்டுவார்கள். றோல்-பிளே கேம் என்பது அவ்வளவுதான். அருள்மலர் ஆங்கிலம் படித்ததே அந்தக் கதைகளில் வரும் டிராகனோடு வாதாடித்தான். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடமாக எத்தனையோ டிராகன்களைக் கொன்றாள். அவற்றின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகுதான் சொந்தமாக ஒன்றை எழுதத் தொடங்கினாள். பெயர் "சும்மா வந்தனாங்கள்", சும்மாதான் வந்தோம் என்று அர்த்தம். இரண்டு பேர் வீட்டுக்காரர், இரண்டு பேர் விருந்தாளிகள். விருந்தாளிகளின் கையில் ஒரு மறைவான சீட்டு இருக்கும். பெண் கேட்க வந்திருக்கலாம், கலியாணவீட்டில் முகம் கொடுக்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கலாம், ஒரு கிழமைக்குக் கார் இரவல் கேட்க வந்திருக்கலாம். வாய் திறந்தால் "சும்மா வந்தனாங்கள்" என்றுதான் சொல்லவேண்டும். தேத்தண்ணி குடித்து முடியும்வரை வந்த விசயத்தைச் சொல்லக்கூடாது. மூன்றாம் தரம் கேட்கும்வரை தேத்தண்ணியை வாங்கவும் கூடாது. வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. ஏழு வருடம் இதைத் திருத்தித் திருத்தி எழுதினாள். கடைத் தட்டில் ஒரு பெட்டியாக அதைப் பார்க்கவேண்டும் என்பது அவளுக்கு இருந்த ஒரே ஆசை. அதையும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

யூனியன்வில் நூலகத்தில் ஸ்டெபனி ஞாயிறுதோறும் நடத்தும் விளையாட்டு மேசையில்தான் ஜெசிகா அதைப் பார்த்தாள். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன விளையாட்டுப் பதிப்பகத்தில் அவளுக்கு வேலை. அன்று ஒரு போர்த்துக்கீசப் பெண்மணி "எங்கள் வீட்டிலும் இதே கூத்துத்தான்" என்று அரை மணி நேரம் எழும்பாமல் இருந்து சிரித்தாள். அதே மேசையில் வீட்டுக்காரனாக இருந்த ஒரு பொடியன் முதல் வேண்டாமையே உண்மையென்று நம்பி, திரும்பக் கேட்காமல், ஐந்து நிமிடத்தில் தோற்றுப்போய், "இது விளையாட்டா, தண்டனையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஜெசிகா இரண்டையும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: இப்படியொன்றை நான் கண்டதேயில்லை, ஆனால் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது டிராகன். வீட்டுக்குப் பதிலாக டிராகன் குகையை வையுங்கள், மூன்று மறுப்புக்குப் பதிலாக ஒரு பகடை உருட்டலை வையுங்கள், எல்லாக் கடைக்கும் போகும்.

அருள்மலர் மூன்று மாதம் இருந்து அதையும் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைத்துப் பார்த்தால், ஐயோ, நன்றாக ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள், ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள், பெட்டியை மூடிவிட்டு பீட்சா எங்கே வாங்கலாம் என்று கதைத்தார்கள். விளையாட்டைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. சொதப்பியிருந்தாலாவது நிம்மதியாகத் தூக்கி எறிந்திருக்கலாம்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மத்தியானம் தாண்டி, இரண்டையும் பதிப்பகத்துக்குக் கொண்டுபோயிருந்த ஜெசிகா முடிவு சொல்ல வீட்டுக்கே வந்தாள். "ரீ குடிக்கிறீங்களா?" என்றதும் "ஓ, தாங்கோ" என்று முதல் தரமே சொல்லிவிட்டாள். அருள்மலருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் தண்ணீர்கூட வைக்கவில்லை. கணவன் பிரியந்தன் குசினிக்குள் ஓடிக் கேத்திலைப் போட்டான்.

தேத்தண்ணியோடு வந்த றோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டு ஜெசிகா சொன்னாள்: "எங்கள் பதிப்பகக் கந்தோரில் சண்டை பிடித்துவிட்டு வருகிறேன். டிராகன் பதிப்பு நன்றாக விற்கும். ஆனால் அதை யாரும் எழுதலாம். உங்களுடையதை அப்படியே போடலாம் என்கிறார்கள், சின்னதாக ஒரு பதிப்பு. வேணுமா?"

அருள்மலர் ஏழு வருடம் காத்திருந்த கேள்வி. வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஐயோ, வேண்டாம். உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்."

ஜெசிகாவின் முகம் வாடிவிட்டது. "விளங்குது" என்றாள். வெளியில் எடுத்த ஒப்பந்தத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். தேத்தண்ணிக்கு நன்றி சொல்லி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பிரியந்தன் கரண்டியும் கையுமாக வெளியே வந்தான். "என்ன மனிசி நீர்? வேண்டாமெண்டெல்லே சொல்லிப்போட்டீர்!"

"அவ இன்னும் ரெண்டு தரம் கேப்பா எண்டு நினைச்சன்."

"அவ வெள்ளைக்காரி, மலர். ஒருக்காக் கேட்டா ஒருக்காத்தான். உம்மை நான் கலியாணம் கேட்ட மாதிரி நிண்டு நிண்டு கேக்க அவவுக்கென்ன விசரே?"

அவன் சொல்லி முடிக்கும்போது அருள்மலர் வாசலில் இல்லை. வீட்டுச் செருப்போடு, ஜக்கெற்றும் இல்லாமல், பனிக்குள் இறங்கி ஓடினாள். பாதி வழியில் ஒரு செருப்பு பனிக்குள் புதைந்து நின்றுவிட்டது. அதை எடுக்கக்கூட நிற்கவில்லை.

கார் இன்னும் தெருவோரம்தான் நின்றது. உள்ளே ஜெசிகா விளையாட்டின் விதித்தாள்களை ஸ்ரியறிங்கின் மேல் விரித்துவைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"நீங்கள் சொன்னது முதலாவது வேண்டாமா, உண்மையான வேண்டாமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றாள். "எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இது மட்டும் எங்கேயும் இல்லை."

அருள்மலர் குனிந்து தாள்களைப் பார்த்தாள். உண்மைதான், இல்லை. அவளைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்ததால் எழுதவேண்டும் என்றே தோன்றவில்லை. பாவம் அந்தப் பொடியன், தெரியாமல் தோற்றதற்கு அவனைப் போய் மனதுக்குள் குறை சொல்லியிருக்கிறாள். ஒரு வரி குறைந்ததற்காக ஒரு டிராகனையே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"உண்மையா வேண்டாமெண்டா கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு இருப்பம்" என்றாள் தன் ஆங்கிலத்தில், பல் கிடுகிடுக்க. "இப்பிடி வெளியில வரமாட்டம்."

ஜெசிகா குனிந்து அவளுடைய காலைப் பார்த்தாள். ஒரு காலில் செருப்பு, மறு காலில் நனைந்துபோன காலுறை. பையிலிருந்து பேனையை எடுத்து விதித்தாளின் ஓரத்தில் அதை எழுதினாள். இன்றைக்கு அச்சில் நாலாம் பக்கத்தில் இருப்பது அந்த விதிதான். பிறகு மரியாதையாக, நேரமெடுத்து, இரண்டாம் தரம் கேட்டாள்.

"உங்கள் விளையாட்டைப் போடுகிறோம். வேணுமா?"

நாக்கு வழக்கப்படி அடுத்த வேண்டாமுக்குத் தயாராக நின்றது. அருள்மலர் அதை விழுங்கினாள். "ஓம்" என்றாள். தமிழில்தான் வந்தது. ஜெசிகாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நாற்பத்தொரு வயதில் அருள்மலர் மூன்றாம் தரத்துக்குக் காத்திராமல் வாங்கிக்கொண்ட முதல் பொருள் அது. கண்ணில் வந்த தண்ணீருக்குக் குளிரைச் சாட்டினாள்.

பின்னால் பிரியந்தன் ஜக்கெற்றையும் தொலைந்த செருப்பையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"ஜக்கெற் வேணுமே?"

"வேண்டாம், பரவாயில்லை" என்றாள், உடம்பு நடுங்க.

அவன் ஜக்கெற்றை விரித்துப் பிடித்தபடியே இரண்டாம் தரமும் கேட்டான்.