மடுவத்தில் கிடந்த பூனைக்குட்டி

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அந்தப் பூனைக்குட்டியை உரப்பையில் கட்டிப் போட்டது நம் தோட்டத்து ஆள்தான்.

தூக்கி வந்து மாட்டுப்பால் கொடுத்தேன். தண்ணீராக வயிற்றால் போனது. வாடுகிறதே என்று இன்னும் பால் ஊற்றினேன். மூன்றாம் நாள் பண்டாரவளைக்கு, மிருக வைத்தியரிடம் ஓடினேன்.

“என்னம்மா குடுத்தீங்க?”

“பால் தாங்க. பூனைக்கு வேற என்ன குடுக்கிறது?”

“அந்தப் பால்தாம்மா வயித்தக் கெடுத்திருக்கு. ஒடம்புல தண்ணியே இல்ல. மொத நாளே வந்திருக்கலாமே.”

ஊசி போட்டார். திரும்பும் பஸ்ஸில், பெரகல வருமுன்னே என் மடியில் செத்துப்போனது. சேலையில் அதன் கழிச்சல் ஈரம்கூடக் காயவில்லை.

பால் ஊற்றிக் கொன்றது நான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன். பால்குடி மாறாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தது உங்களில் யார்? நாளைக் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.