தனிக்கட்டையின் பேஸ் கிட்டார்

அந்த லிஃப்ட் மெக்கானிக் ஒரு தனிக்கட்டை. தன் கையாலேயே செய்த பேஸ் கிட்டாரும் வெறும் கட்டையாய், மூளியாய் இருந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. கறுப்பும் வெளுப்புமாக மூன்று மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அதன்மேல் ஒட்டினான். பசையில் பலகை வழுக்கிக்கொண்டே போனது. அழுத்திப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லை. கடைசியில் அதன்மேலேயே ஏறி உட்கார்ந்து நாலு பக்கமும் கிளாம்பை முடுக்கினான்.

காய்ந்தபின் ஓரத்தை இழைத்ததும் மூன்றும் கரை கட்டினாற்போல் தெரிந்தன. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"கண்ணே பட்டுடும் போல இருக்குப்பா. ஒரு பாட்டு வாசி, கேப்போம்."

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டுக்கு அடியில் பேஸ் கிட்டார் தரும் 'தும் தும்' துணையொலியை முழுசாக வாசித்து முடித்தான். அக்கா பொறுமையாகக் காத்திருந்தாள்.

"சுருதி சேத்தாச்சா? இப்ப பாட்டை ஆரம்பி."

"மத்த மூணு பேரும் வரட்டும்க்கா," என்றான்.

அவனோடு சேர்ந்து வாசித்த அந்த மூன்று பேரும் ஊரைவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது.