எண்ணெய் குடித்த டயர்

மணப்பாட்டில் பிறந்தும் கடலுக்குப் போகாத ஆம்பளை யார் என்று கேட்டால், அந்தக் காலத்தில் எல்லாரும் இஞ்ஞாசியைத்தான் காட்டுவார்கள். முதலில் கேலிக்காகக் காட்டினார்கள். பிறகு பொறாமையில் காட்டினார்கள். அந்தப் பொறாமை அவன் வேர்வை சிந்திச் சம்பாதித்தது.

மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன். வள்ளத்தில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அப்பன் அடித்துப் பார்த்தார், சிலுவைக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றிப் பார்த்தார், இரண்டும் பலிக்கவில்லை. ஒரு நாள் தூத்துக்குடிக்கு நடையைக் கட்டினான். உப்பு லாரிகளைக் கழுவினான், கிளீனராக இருந்தான், டிரைவரானான். கடைசியில் ஒரு கொப்பரை வியாபாரி மூலையில் போட்டு வைத்திருந்த பிளைமவுத் காரை வாங்கி, தானே பிரித்து, தானே பூட்டி, டாக்ஸி என்று போர்டு எழுதினான். எவன் வாசலிலும் போய் நிற்கவில்லை. ஸ்டாண்டில் அந்த வண்டி நின்றால் மற்ற கார்கள் எல்லாம் தாய்க்கோழி பக்கத்தில் குஞ்சு நிற்கிற மாதிரி நிற்கும். அப்படி ஒரு நீளம், அப்படி ஒரு மினுமினுப்பு.

மினுமினுப்புக்குக் காரணம் சுறா எண்ணெய். வள்ளத்துப் பலகையை உப்புத் தண்ணீர் தின்னாமல் இருக்கக் கடற்கரையில் சுறா எண்ணெய் பூசுவார்கள். இஞ்ஞாசி கடலைத்தான் விட்டான், எண்ணெய்ச் சட்டியை விடவில்லை. ஞாயிறு பூசை கண்டு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, பழந்துணியை எண்ணெயில் முக்கி, நாலு டயரையும் ஸ்டெப்னியையும் குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி தேய்ப்பான். தெருப் பூனைகளெல்லாம் அவன் வண்டிக்கு அடியில்தான் படுத்துக் கிடக்கும்.

டயர் கடை தாணுலிங்கம் அண்ணாச்சி ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஏலே, ரப்பர் என்ன வள்ளத்துப் பலகையாலே? எண்ணெயைக் குடிச்சா ஊறிப் போவும்லே" என்றார்.

"உப்புக் காத்துல ஓடுத டயர் அண்ணாச்சி இது. உம்ம கடையில தூங்குத டயர் இல்ல."

"அப்போ பூசு. பூசிட்டுப் பொரிச்சுத் தின்னு."

ஸ்டாண்டே சிரித்தது. இஞ்ஞாசியும் சிரித்தான். அடுத்த ஞாயிறும் பூசினான். தன் கையால் உண்டாக்கின பொருளைப் பற்றி அடுத்தவன் என்ன சொல்வது?

எழுபத்து நாலாம் வருஷம் ஆனி மாதம். மேற்கேயிருந்து கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சவாரியை மணப்பாட்டில் இறக்கிவிட்டு அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போனவன், அங்கேயே காப்பி குடித்துக்கொண்டிருந்தான். விடிந்து வெயில் ஏறுகிற நேரம். கடற்கரையிலிருந்து கூக்குரல் கேட்டது.

அவன் தம்பி வளன் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு முரல் மீன் பாய்ந்துவிட்டது. முரல் என்றால் ஊசி மாதிரி நீண்ட வாய் உள்ள மீன். வெருண்டால் தண்ணீரை விட்டு எகிறி அம்பாகப் பாயும். வளன் தொண்டைக்குப் பக்கத்தில் குத்தி, வாய் ஒடிந்து உள்ளே நின்றுவிட்டது. வெளியே ஒரு விரல் நீளம் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கினால் ரத்தம் கொப்புளித்து அங்கேயே ஆள் போய்விடுவான் என்று கடலோடிகளுக்குத் தெரியும். யாரும் தொடவில்லை. வள்ளத்துப் பாய்த்துணியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

பிளைமவுத்தின் பின்சீட்டில் வளன் பெண்சாதி ஆக்னஸ் ஏறி, தலையை மடியில் வாங்கி, அந்த முள்ளை இரண்டு விரலால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் அண்ணன் பர்னபாஸ் கால்மாட்டில் குந்தினான். திருச்செந்தூரில் ஒரு டாக்டர் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்த உடனேயே, "இங்க வேண்டாம். தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. முள்ளு அசையக் கூடாது. அசைஞ்சா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதே போதுமாயிருந்தது.

இஞ்ஞாசி ஓட்டினான். எப்படி ஓட்டினான் என்றால், பள்ளம் வந்ததை உள்ளே இருந்தவர்கள் அறியவில்லை. அந்த வண்டியை அப்படி ஓட்ட அந்தச் சீமையில் வேறு ஆள் கிடையாது. வளன் மூச்சு விடும்போதெல்லாம் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வருகிற வரைக்கும் தம்பி இருக்கிறான். இஞ்ஞாசி அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

பழையகாயல் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம். மரம் கிடையாது, வீடு கிடையாது. வெள்ளை வெயில். அங்கே வைத்து முன்பக்கத்து இடது டயர் வெடித்தது.

வண்டி இடது பக்கம் இழுத்தது. பிரேக்கை மிதித்தால் உருண்டுவிடும். அவன் மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை மாட்டுக் கொம்பைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்து, வேகத்தைத் தானாகச் சாகவிட்டு, ரோட்டு ஓரத்தில் கெட்டியான மண்ணில் கொண்டு நிறுத்தினான். நின்றதும் முதலில் காதைத்தான் தீட்டினான். விசில் சத்தம் இருந்தது.

"முள்ளு?"

"பிடிச்சிருக்கேன் அத்தான். சீக்கிரம்!" என்றாள் ஆக்னஸ்.

"மச்சான், உன் சிவப்புத் துண்டை எடுத்துட்டுப் போயி அங்கன பின்னால மைல்கல்லுல கட்டு. லாரிக்காரன் வந்து ஏத்திட்டான்னா சோலி முடிஞ்சிரும்."

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் வரப்பேறி ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் சண்முகத்தாய். நரைத்த தலை, உப்பு வெடித்த கால்.

"என்ன அண்ணாச்சி, பிள்ளைத்தாச்சியா?"

"இல்லக்கா. மீன் குத்திட்டு. நாலு செங்கலு வேணும். கெட்டிப் பலகை ஒண்ணு வேணும்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி ஓடினாள்.

பர்னபாஸ் துண்டைக் கட்டிவிட்டு வந்து, வீல் ஸ்பேனரை மாட்டி, நட்டைத் தளர்த்த ஏறி மிதித்தான். அசையவில்லை. மறுபடி மிதித்தான்.

"ஏலே, நிறுத்துலே!" இஞ்ஞாசி அவனைப் பிடித்துத் தள்ளினான். "இந்த வண்டிக்கு இடது பக்கம் எதிர்மரை. நீ கழட்டல, இறுக்குத. நட்டு ஒடிஞ்சா நாம எல்லாம் இங்கனயே உப்பு வாரலாம்."

சண்முகத்தாய் செங்கலோடும் உப்புத் தள்ளுகிற பலகையோடும் வந்தாள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கலை அண்டக் கொடுத்தான். பிறகு பின்கதவைத் திறந்தான்.

"ஆளை இறக்கணும்."

"மாட்டேன்." ஆக்னஸ் நிமிரவில்லை. "அசையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா? அப்படியே தூக்குங்க வண்டிய."

"ஏளா, ஜாக்கியில நிக்குத வண்டிக்குள்ள ஆளை வைக்க மாட்டேன். உவர் மண்ணு. வழுக்கிச்சுன்னா முள்ளு ஒரேயடியா உள்ள போயிரும். நான் பார்த்திருக்கேன், சரிஞ்ச லாரிக்கடியில ஒருத்தனை."

உப்புப் பெட்டி சுமந்து சுமந்து கழுத்து அசையாமல் நடக்கப் பழகின பெண்கள் அவர்கள். பாய்த்துணியின் நாலு முனையையும் பிடித்து, ஆக்னஸ் முள்ளைப் பிடித்தபடியே கூட நகர, தளும்பாமல் இறக்கினார்கள். ஒருத்தி ஓலைப்பெட்டியை அவன் முகத்துக்கு நிழலாகப் பிடித்தாள். வளன் கண் திறந்திருந்தது. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை இறக்கினான் இஞ்ஞாசி. கறுத்து மினுங்கியது. தரையில் வைத்து அமுக்கிப் பார்த்தவன் கை அப்படியே நின்றது. பக்கவாட்டில் பெருவிரல் உள்ளே போயிற்று. அரைவேக்காட்டுப் பணியாரம் மாதிரி பொதபொதவென்று வீங்கியிருந்தது. நகத்தால் கீறினால் கறுப்பாகக் கையோடு வந்தது. வெடித்த டயரைக் குனிந்து பார்த்தான். அங்கேயும் அதே கதை. உப்பு ஒன்றும் செய்யவில்லை, வெயிலும் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிறுதோறும் தன் கையால் தேய்த்தது, குடித்துக் குடித்துச் செத்திருந்தது.

டயர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஆயுசில் ஒரு தடவைகூட வேலை நடுவில் உட்காராதவன்.

"என்ன மச்சான்?" என்றான் பர்னபாஸ்.

இஞ்ஞாசி எழுந்து வண்டியைச் சுற்றி ஓடி ஒவ்வொரு டயராக அமுக்கினான். எல்லாம் ஊறல். வலது பின்டயர் மட்டும் கெட்டியாக இருந்தது. அது புதுசு, போன வாரம்தான் போட்டான். எண்ணெய் தீர்ந்துபோயிருந்ததால் அதற்குப் பூசவில்லை. அவன் அக்கறையிலிருந்து தப்பிய ஒரே டயர்.

ஸ்டெப்னியை முன்னால் மாட்டிவிட்டுப் பறந்திருக்கலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வான். ஆனால் அது ஓடுகிற ஓட்டத்தில் வெடிக்கும். முன்னால் வெடித்தால் வண்டி உப்பளத்துக்குள் பாயும், பின்னால் வெடித்தால் குண்டி தாழும், ஸ்டியரிங் கையில் நிற்கும். ஆகவே புதுசு முன்னால் வரணும், ஊறல் பின்னால் போகணும். அதற்கு இரண்டு சக்கரம் கழற்றணும். நேரம் இரண்டு மடங்கு. தம்பியின் விசிலோ இப்போது விட்டு விட்டு வந்தது.

பலகையைப் போட்டு, வலது பின்பக்கத்தில் ஜாக்கியை வைத்தான்.

"அத்தான்! அது நல்ல சக்கரம். அதை என்னத்துக்குக் கழட்டுதிய?"

அவன் நட்டைத் தளர்த்தினான்.

"கேக்கேன்ல? புத்தி பேதலிச்சுட்டா? கூடப் பொறந்தவன் கிடந்து இழுக்கான், நீங்க சக்கரத்தை மாத்தி மாத்தி விளையாடுதியளா? உங்க வண்டியும் நீங்களும் நாசமாப் போவ!"

"ஏசு. ஏசிக்கிட்டே பிடிச்சுக்கோ. கைய மட்டும் எடுக்காத."

பின்சக்கரத்தைத் தூக்கினால் அந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்காது. செங்கலை நம்பித்தான் நிற்கும். கழற்றின டயரை வண்டிக்கடியில் தள்ளிவைத்தான், ஜாக்கி வழுக்கினாலும் வண்டி டயர் மேல் உட்காரும், கையும் காலும் மிஞ்சும். ஸ்டெப்னியை மாட்டினான். ஒரு நட்டை இறுக்கினால் அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கத்து நட்டு. இல்லாவிட்டால் சக்கரம் கோணி உட்காரும். அப்படியே எதிரும் புதிருமாகச் சுற்றினான். வண்டியை இறக்கி, தரையில் நின்ற பிறகு இன்னொரு தரம் இறுக்கினான்.

பிறகு முன்பக்கம். செங்கலை மாற்றிவைத்து ஜாக்கியைச் சுற்றியதும் வெள்ளைப் பொருக்கு உடைந்து பலகை ஒரு பக்கமாகப் புதைந்தது. வண்டி முனகிச் சாய்ந்தது. பெண்கள் கத்தினார்கள். இறக்கி, மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டியாக்கி, பலகையை மறுபடி வைத்தான். எத்தனையோ டயர் மாற்றினவன் அவன், கண்ணைக் கட்டிவிட்டாலும் மாற்றுவான். அன்றைக்கு நட்டை மாட்ட போல்ட்டைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கண்ணில் வேர்வையா வேறு என்னவா, ஒன்றும் தெரியவில்லை. பர்னபாஸ் அவன் விரலைப் பிடித்து போல்ட்டின் மேல் வைத்தான்.

அப்போது விசில் நின்றுவிட்டது.

காற்று மட்டும் உப்பைத் தூற்றியது. ஆக்னஸ் குனிந்து புருஷன் வாயருகே கன்னத்தை வைத்தாள். "ஏங்க... ஏங்க..." என்றாள். சண்முகத்தாய் வளன் தோளடியில் கையைக் கொடுத்து ஒரு சாண் உயர்த்தினாள். தொண்டையை அடைத்திருந்த ரத்தம் கரகரவென்று இறங்கியது. விசில் மறுபடி கேட்டது.

"இறுக்கும் அண்ணாச்சி, நின்னு பாக்காதீரும்!" என்று அவள் கத்தினாள். அவன் இறுக்கினான்.

ஆளை ஏற்றும்போது சண்முகத்தாயும் கூட ஏறிக்கொண்டாள், தோளை உயர்த்திப் பிடித்தபடியே. உப்பளத்துக் கணக்கப்பிள்ளை வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முத்தையாபுரம் தாண்டும் மட்டும் ஸ்டெப்னி தாங்கியது. பிறகு பின்னால் சத்தம். வண்டி ஒரு பக்கம் குந்தியது, ஆனால் கோணவில்லை. ஸ்டியரிங் கையில் நின்றது. இஞ்ஞாசி நிறுத்தவில்லை. கிழிந்த ரப்பர் டப்டப்பென்று அடித்து, கழன்று, ரோட்டில் கிடந்தது. இரும்பு ரோட்டை அரைத்தது. சைக்கிள்காரர்கள் "ஏய், டயர் இல்லலே!" என்று கத்தினார்கள். பர்னபாஸ் தரையில் மண்டியிட்டு இரண்டு கையையும் வளன் முதுகுக்கடியில் கொடுத்து, குலுங்கல் முழுவதையும் தன் கையில் வாங்கினான். இஞ்ஞாசி, "மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. ஆயிரம் பேச்சுப் பேசுகிற வாய் அது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. ஆக்னஸ் விரலைப் பிரிக்க முடியவில்லை. மரத்துப் போய், முள்ளைப் பிடித்த வாக்கில் இறுகிவிட்டது. நர்ஸ் ஒருத்தி ஒவ்வொரு விரலாகத் தடவித் தடவிப் பிரித்தாள்.

உள்ளே கொண்டு போனார்கள். வராந்தாவில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்தே இருந்தார்கள். சண்முகத்தாய் யாரிடமோ கேட்டு டீ வாங்கி வந்தாள், யாரும் குடிக்கவில்லை. வெயில் சாய்ந்த பிறகு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"உயிருக்குப் பயமில்ல. முள்ளு ரத்தக் குழாயை ஒட்டிப் போயிருக்கு, தொடல. ஆனா குரல் நரம்பு போச்சு. பேச்சு திரும்பி வருமான்னு சொல்ல முடியாது."

எழுந்து நின்றிருந்த ஆக்னஸ் சுவரில் சாய்ந்து மறுபடி உட்கார்ந்தாள். மரத்துப் போன விரலைத் தேய்த்துக்கொண்டே, "பேச்சு போனாப் போவட்டும். வீட்டுல பேசுததுக்கு நான் இருக்கேன்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

இஞ்ஞாசி அவள் பக்கத்தில் போகவும் தைரியமில்லாமல், விலகவும் முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசலில் வாட்ச்மேன் கத்திக்கொண்டிருந்தான்.

"யாருவே இந்தக் கப்பலை வழியில நிறுத்தினது? எடும்வே!"

"நகராதுய்யா" என்றான் இஞ்ஞாசி. "என் தம்பி உள்ள இருக்கான். கொஞ்சம் கிடக்கட்டும்."